வலது பக்கம் மூன்று, கீழே நான்கு

போன மாதம் பிராஜக்தா ஃபோன் செய்தாள். புனா பக்கம் போசரியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், தரச் சோதனைப் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. உடைந்த பாகங்களை நான் எப்படிப் படம் எடுத்தேன் என்பதை வரிசையாகச் சொல்லச் சொன்னாள். புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கப் போகிறாளாம். நான் இந்தியில் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் அவள் கம்ப்யூட்டரில் தட்டுவது கேட்டது. ஒரு மணி நேரம் பேசினோம். நான் ஒரு மணி நேரம் பேசுவது அபூர்வம். விஷ்ராந்த்வாடியில் என் அறையில் சில நாள் பால்காரரிடம் சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா, அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். கடைசியில் கேட்டாள்: "காக்கா, அப்போ நீங்க பார்த்த ரெண்டு கம்பெனியில எது நல்ல கேமரான்னு ஒரு வரி சொல்லுங்க. புதுசு வாங்கணும்."

இன்னொரு நாள் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தமிழ்ச் சங்கத்திலிருந்து ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் என்ன எழுதப் போகிறேன் என்று முதலில் தயங்கினேன். பிராஜக்தாவுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

சோளிங்கர் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். புனாவுக்கு வந்து, கட்கியில் ஒரு தமிழர் நடத்திய ஸ்டுடியோவில் ஆறு வருடம் படம் கழுவினேன். பட்டாளத்துக்காரர்களுக்குப் பாஸ்போர்ட் படம், மாதா கோவில் கல்யாணம், ஞானஸ்நானம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வேலையாக அந்தத் தொழிற்சாலைக்குப் படம் எடுக்கப் போனேன். ஜோக்லேகர் சார் என்னை அங்கேயே நிறுத்திக்கொண்டார். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

அங்கே பம்புகளுக்கும் கியர் பெட்டிகளுக்கும் ஷாஃப்ட், அதாவது சுழலும் எஃகுத் தண்டு, செய்தார்கள். ஆயிரக்கணக்கில் போகும். எங்காவது ஒன்று உடைந்து திரும்பி வரும். அது ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது ஜோக்லேகர் சாரின் வேலை. அது வந்த நிலையில் எப்படி இருந்தது என்று காட்டுவது என் வேலை. காரணம் தேட ஷாஃப்டைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பார்கள். வெட்டிய பிறகு மிஞ்சுவது என் படம் மட்டும்தான்.

சார் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில் இருக்கும். உடைந்த துண்டு வந்ததும் முதலில் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். நானும் கழுவ வேண்டும். கை வேர்வை பட்டால் உடைந்த பரப்பு, அதை முகம் என்போம், ஒரே ராத்திரியில் துருப்பிடித்துவிடும். அதைவிடக் கண்டிப்பாக ஒன்று சொல்வார். உடைந்த இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பொருத்திப் பார்க்கக் கூடாது. யார் கையில் கொடுத்தாலும் முதலில் அதைத்தான் செய்வார்கள். குழந்தைகூடச் செய்யும். பொருத்தினால் முகத்தில் இருக்கும் நுண்ணிய மேடு பள்ளமெல்லாம் நசுங்கிவிடும். பிறகு அது எதையும் சொல்லாது. ஒரு முறை வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி அப்படிப் பொருத்தப் போனார். சார் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடித்தபடியே சிரித்து, மன்னிப்புக் கேட்டு, துண்டை வாங்கிக் கீழே வைத்தார்.

முதல் படம் எண்ணெயும் அழுக்குமாக, வந்தது வந்தபடி எடுக்க வேண்டும். கறுப்பு வெல்வெட் துணி மேல் வைத்து, பக்கத்தில் தொழிற்சாலையின் மஞ்சள் அட்டையில் எண் எழுதி வைப்பேன். பிறகு கழுவி, முழு நீளத்துக்கு ஒன்று. பிறகு விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி, உடைந்த முகம் மட்டும். விளக்கு சரியாக விழுந்தால், மணலில் அலை விட்டுப் போன கோடுகள் மாதிரி அதில் வரி வரியாகத் தெரியும். விரிசல் எங்கே தொடங்கியது என்று அந்த வரிகளை வைத்துச் சொல்லிவிடுவார். ஒவ்வொரு படத்துக்கும் என்ன பிலிம், என்ன ஃபில்டர், விளக்கு எத்தனை அடி தூரம் என்று நோட்டில் தமிழில் குறித்துக்கொள்வேன். சாயங்காலம் வாசித்துக் காட்டச் சொல்வார். நான் வாசித்து மராத்தியில் சொல்வேன். பிரிண்ட் வந்ததும் அதையும் நிஜத் துண்டையும் எடுத்துக்கொண்டு வடக்கு ஜன்னலுக்குப் போய், இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். நிறம் ஒத்துப்போகாவிட்டால், "திரும்ப எடு" என்பார். கோபமாக அல்ல, தண்ணீர் கேட்கிற மாதிரி.

அந்த நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷாஃப்டைக் கடைசியில் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவார்கள். அது கிரைண்டிங். தேய்க்கும்போது பால் மாதிரி வெளுத்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தாலோ சக்கரத்தை அவசரமாக அழுத்தினாலோ எஃகு தீய்ந்துவிடும். தீய்ந்தால் நிறம் ஏறும். முதலில் வெளிறிய வைக்கோல் நிறம், பிறகு தவிட்டு நிறம், பிறகு ஊதா, அதற்கும் மேல் நீலம். தீய்ந்த ஷாஃப்ட் ஒரு நாள் உடையும். வைக்கோல் நிறம் கண்டாலே போதும், அந்த ஷாஃப்டைத் தேய்த்தவர் பதில் சொல்ல வேண்டும்.

தேய்ப்பவர்களில் மூத்தவர் ஸ்டீபன் அண்ணன். கட்கிக்காரர். அவர் அப்பா பட்டாளத்தில் சமையல்காரராக ஆற்காட்டிலிருந்து வந்தவராம். ஸ்டீபன் அண்ணன் ஆற்காட்டைப் பார்த்ததே இல்லை. அந்தத் தொழிற்சாலையில் என்னிடம் தமிழில் பேசிய ஒரே ஆள் அவர்தான். மதியம் டப்பாவைத் திறக்கும்போதே ஆரம்பிப்பார்.

"என்னா வேலு, இன்னிக்கு எந்தப் பொணத்துக்குப் போட்டோ?"

"பம்பு ஷாஃப்ட் அண்ணே."

"என் கை பட்டதா?"

"இல்லண்ணே."

"அதான பார்த்தேன். என் கை பட்டது உனக்கு ஒண்ணுகூட வராது. என்னை நம்பியிருந்தா உன் நௌக்ரியே போயிருக்கும்." என் டப்பாவை எட்டிப் பார்ப்பார். "இன்னிக்கும் பட்டாட்டா பாஜிதானா? உருளைக்கிழங்கை வுட்டா வேற தெரியாதா? ஷாதி, கண்ணாலம்லாம் ஆகியும் பிரமச்சாரி நீ." பிறகு அவர் வீட்டு மீன் குழம்பில் பாதி என் பக்கம் வரும்.

என் மனைவி புனாவில் இரண்டு வருடம் இருந்து பார்த்தாள். பாஷை புரியாத இடத்தில் இருக்க முடியவில்லை என்று ஊருக்கே போய்விட்டாள். வருடத்துக்கு இரண்டு முறை நான் போவேன். அதனால் அண்ணனோடு சாப்பிடும் அந்த அரை மணி நேரம்தான் எனக்கு வீடு மாதிரி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் கழித்து, பிலிம் வேண்டாம், டிஜிட்டல் கேமரா வாங்கலாம் என்று முடிவானது. லென்ஸ் மாற்றிப் போடும் பெரிய கேமரா. இரண்டு வியாபாரிகள் ஆளுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் உலகம் முழுக்கப் பெயர் பெற்ற கம்பெனிகள். பெயர் எழுதப் போவதில்லை. ஒன்று கேம்ப் பகுதிக் கடையிலிருந்து வந்தது, மற்றது லக்ஷ்மி ரோடு கடையிலிருந்து. தொழிற்சாலையில் எல்லோரும் கேம்ப் கேமரா, லக்ஷ்மி ரோடு கேமரா என்றே சொன்னார்கள். ஆளுக்கொரு கட்சி சேர்ந்துவிட்டது. கையில் கேமரா பிடித்தே அறியாத கணக்குப் பிரிவுக்காரர்கள்கூட டீ குடிக்கும்போது சண்டை போட்டார்கள்.

இரண்டையும் இரண்டிரண்டு நாள் என்னிடம் விட்டார்கள். கேம்ப் கேமரா இலேசானது. கையில் பொருந்தி உட்கார்ந்தது. அதில் முகங்கள் அழகாக வந்தன. கேன்டீனில் சப்பாத்தி தேய்க்கும் அம்மாவை, மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவோம், எடுத்தேன்; சினிமாக்காரி மாதிரி வந்தார். லக்ஷ்மி ரோடு கேமரா கனம். அதில் முகம் கொஞ்சம் வெளிறித்தான் வந்தது. ஆனால் எல்லாப் பட்டனும் சக்கரமும் வெளியிலேயே இருந்தன. மேலே ஒரு சின்ன ஜன்னல். கேமராவுக்கு எந்த வெளிச்சத்தைச் சொல்லியிருக்கிறோம் என்பது அதில் எப்போதும் படமாகத் தெரியும். வெயில் என்றால் சூரியன், மழைமூட்டம் என்றால் மேகம், ஃப்ளாஷ் என்றால் மின்னல்.

வெளிச்சத்துக்கும் ஒரு நிறம் உண்டு. எந்த வெளிச்சத்தில் எடுக்கிறோம் என்று கேமராவுக்குச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் நிறம் மாறி வரும். கேம்ப் கேமராவில் அதைச் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் திரையில் ஒரு பட்டியலைத் திறந்து உள்ளே போக வேண்டும். பக்கம் பக்கமாக வரி வரியாக ஆங்கிலம். எனக்கு ஆங்கில எழுத்து தனித்தனியாகத் தெரியும், கூட்டிப் படிக்க வராது. கடைக்காரப் பையன் காட்டியதைப் பார்த்து எண்ணி வைத்துக்கொண்டேன். வலது பக்கம் மூன்று தடவை, கீழே நான்கு தடவை. பிறகு, ஷாஃப்டுக்கு நான் அடிக்கும் ஃப்ளாஷ் விளக்குக்குக் கீழே ஐந்து, மேகத்துக்குக் கீழே இரண்டு.

முடிவு செய்யும் நாளில் கண்ணாடி மேஜை போட்ட அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அந்த மேஜைக்கு முன்னால் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. ஜோக்லேகர் சார், வாங்கும் பிரிவு அதிகாரி, பணியாளர் பிரிவைப் பார்க்கும் பட்வர்தன் மேடம் மூவரும் இருந்தார்கள். மேடம் மாவ்ஷியின் படத்தைக் கையில் வைத்திருந்தார். விழாப் படங்கள் இப்படி வந்தால் தலைமை அலுவலகத்தில் சந்தோஷப்படுவார்கள் என்றார். சார் பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வேலு, பிடிக்கப்போறவன் நீ. உன் கைக்கு எது?"

லக்ஷ்மி ரோடு கேமரா என்று நாக்கு வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? படிக்காமல் பிடிக்கலாம், அதனால் என்றா? மேடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோன்ஹி சாங்லே ஆஹேத், சார்," என்றேன். இரண்டுமே நல்லதுதான்.

சார் பென்சிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். கேம்ப் கேமரா வாங்கினார்கள்.

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. படம் அப்போதே திரையில் தெரிந்துவிடுவதால் நோட்டில் குறிப்பதை விட்டுவிட்டேன். விழா என்றால் மேடம் முகங்கள் பொன்னாக வர வேண்டும் என்பார். மேகத்தில் வைத்துவிடுவேன். விழா முடிந்ததும் எண்ணி எண்ணிப் பழையபடி ஃப்ளாஷில் வைப்பேன்.

அந்த வருடம் தசராவுக்கு முந்தின நாள் இயந்திரங்களுக்குப் பூஜை. நம் ஆயுத பூஜைதான். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சாமந்தி மாலை, தேங்காய். மேகத்தில் வைத்து எடுத்தேன். நடுவில் மேடம் கேமராவை வாங்கி எதையோ தட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். என்ன என்று நான் கவனிக்கவில்லை. மறுநாள் விடுமுறை. அதற்கு மறுநாள் காலையில் கேமராவை எடுத்து வலது பக்கம் மூன்று, கீழே நான்கு, கீழே ஐந்து என்று வைத்துவிட்டு விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, உடைந்த ஷாஃப்ட் ஒன்று வந்தது.

வாடிக்கையாளரின் சோதனை மேடையில் ஓடும்போதே உடைந்தது. பக்கத்தில் நின்றவருக்குக் காயம். அதனால் எல்லோருக்கும் அவசரம். ஜோக்லேகர் சார் லீவில் மகள் வீட்டுக்கு நாசிக் போயிருந்தார். நான் கை கழுவினேன். துண்டை வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமான சாம்பல் நிறம். படம் எடுத்தேன். அவசரத்தில், சின்னத் திரையில் கோடுகள் தெளிவாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன். மதியமே வெட்டக் கொண்டுபோனார்கள். படங்கள் மும்பைத் தலைமை அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டரில் போயின. பிரிண்ட்டையும் துண்டையும் ஜன்னலில் சேர்த்துப் பிடித்துப் பார்க்க யாரும் இல்லை.

மூன்று நாள் கழித்து ஸ்டீபன் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். படத்தில் ஷாஃப்ட் முழுக்க வெளிறிய வைக்கோல் நிறம். அதைத் தேய்த்தவர் அவர். வெட்டிச் சோதித்தவர்கள் வெட்டும்போதே துண்டு சூடேறிவிட்டது, தீய்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். மிஞ்சியது என் படம். குற்றம் நிரூபணமானால் வேலை போய்விடும். இருபத்து மூன்று வருட வேலை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த பிராஜக்தா எதற்கோ கேமராவை இரவல் கேட்டு வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்து, "காக்கா, இது மேகத்துல இருக்கு. மாத்திக்கவா?" என்றாள்.

"மாத்திக்கோம்மா," என்றேன்.

அவள் போன பிறகுதான் உறைத்தது. மழைமூட்டத்தில் வெளிச்சம் நீலமாக இருக்கும். அதைச் சரிக்கட்ட மேகத்தில் வைத்தால் கேமரா மஞ்சள் சேர்க்கும். ஃப்ளாஷ் அடித்து அப்படி எடுத்தால் சாம்பல் எஃகு வைக்கோல் நிறத்தில்தான் வரும். எல்லாம் தெரிந்துவிட்டது. அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், எப்படி மேகத்தில் நின்றது என்று கேட்பார்கள். எண்ணினேன் என்று சொல்ல வேண்டும். ஏன் எண்ணினாய் என்பார்கள். திங்கட்கிழமை சார் வரட்டும், அவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோவிலிலிருந்து நேராக ஸ்டீபன் அண்ணன் என் அறைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"வேலு, நீ ஜன்னலாண்ட எடுத்துக்கினு போய்ப் பார்த்திருப்பே. உன் வழக்கம் எனக்குத் தெரியும். கண்ணால பார்த்தியே, கலர் இருந்துச்சா?"

நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி ஃபுல்லா வுட்டுதான் அடிச்சேன். கசம், சத்தியமா. வீட்டுல அவ கேக்கறா, கை தப்பிப்போச்சாய்யான்னு. எனக்கே டவுட் வந்துடுச்சு. ராத்திரி படுத்தா கையைக் கையைப் பார்க்கறேன். நீ பார்த்ததச் சொல்லு. உன் பேரு வெளிய வராது. எனக்கு மட்டும் சொல்லு."

"போட்டோவுல என்ன இருக்கோ அதுதான் அண்ணே," என்றேன்.

அவர் தலையாட்டினார். "டீக் ஹை. பொய் சொல்றவன் இல்ல நீ," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

திங்கட்கிழமை சார் வந்தார். அவர் அறை வாசலுக்குப் போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள், திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவர் தனியாகத்தான் இருந்தார். அன்றைக்கும் திரும்பிவிட்டேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. அப்படியே நாள் போய், அடுத்த வாரம் புதன்கிழமை விசாரணை வந்துவிட்டது.

அதே கண்ணாடி மேஜை. மும்பையிலிருந்து வந்த விசாரணை அதிகாரி நடுவில் இருந்தார். ஒரு பக்கம் மேடமும் சாரும், எதிரே அண்ணனும் யூனியன்காரரும். என் படத்தைப் பெரிதாக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள். அதிகாரி இந்தியில் கேட்டார்.

"இதை எடுத்தது நீங்களா?"

"ஆமாம் சார்."

"சரி, போகலாம்."

அவ்வளவுதான் கேட்டார். கதவு வரை போனேன். கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் அண்ணனின் இருமல் கேட்டது.

"ரங் சுகீச்சா ஆஹே," என்றேன் கதவைப் பார்த்தபடியே. நிறம் தப்பு.

சாரின் குரல் வந்தது. "திரும்பி நின்னு சொல், வேலு. கண்ணால என்ன பார்த்தே?"

"சாம்பல் நிறம், சார். ஜன்னல்ல பார்த்தேன். துளிகூடக் கலர் இல்லை. கேமரா மேகத்துல நின்னுபோச்சு."

கேமராவைக் கொண்டுவரச் செய்தார்கள். எப்படி வைப்பாய், காட்டு என்றார் அதிகாரி. மனசுக்குள் எண்ணினால் தப்பிவிடும் என்று பயந்து வாய்விட்டே எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. பிறகு கீழே, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. யூனியன்காரர் சிரித்துவிட்டார்.

அதிகாரி சிரிக்கவில்லை. "எதுக்கு எண்றீங்க? படிச்சுப் பார்த்து வைக்கலாமே."

"படிக்க வராது, சார்."

சொல்லிவிட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பூஜை அன்னிக்குத் தேதி சரியா இருக்கான்னு நான் அந்தப் பட்டியலைத் திறந்தேன். கடைசிப் பக்கம் அது," என்றார் மெதுவாக. ஒன்றைத் தேர்ந்து முடித்தால் பட்டியல் அடுத்த முறை முதல் பக்கத்தில் திறக்கும்; எதையும் தேராமல் பார்த்துவிட்டு மூடினால், விட்ட பக்கத்திலேயே திறக்கும். அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் கடைசிப் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறேன். விரல் சரியாகத்தான் எண்ணியது, போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

பிராஜக்தாவைக் கூப்பிட்டு, தீயாத நல்ல ஷாஃப்ட் ஒன்றை ஃப்ளாஷில் ஒன்றும் மேகத்தில் ஒன்றும் எடுக்கச் சொன்னார்கள். விளக்கை நான் வைத்தேன். ஒன்று சாம்பலாக வந்தது. மற்றது வைக்கோல் நிறம். பெரிதாக்கி நிறுத்திய படத்தின் பக்கத்தில் பிடித்தார்கள். ஒரே நிறம்.

அதிகாரி எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "மேகத்துல இருந்தது எப்போ தெரிஞ்சுது?"

"பன்னிரண்டு நாள் முன்னாடி. வெள்ளிக்கிழமை."

அப்போதுதான் அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாளே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் ஜோக்லேகர் சார் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"பன்னிரண்டு வருஷம் உன் நோட்டை வாசிச்சுக் காட்டச் சொன்னேன். உனக்கு இங்கிலீஷ் வராதுன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன் கைக்கு எதுன்னு ஏன் கேட்டேன்?"

"நீங்களே சொல்லியிருக்கலாமே சார்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று உணர்ந்தேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு முறைதான். அவர் பென்சிலை மேஜையில் உருட்டினார்.

"சொல்லியிருக்கலாம். முகம் அழகா வந்த படத்தைப் பார்த்ததும் எனக்கும் எதுக்கு வம்புன்னு ஆகிப்போச்சு," என்றார். பிறகு, "இனிமே விளக்கை நீ வை. பட்டனை அந்தப் பெண் அழுத்தட்டும்."

விருப்ப ஓய்வு வாங்கும்வரை அப்படியே நடந்தது. துண்டைக் கழுவி, துணி விரித்து, விளக்கு வைத்துவிட்டு நான் ஒரு பக்கமாக நின்றுகொள்வேன். பிராஜக்தா மரியாதையானவள். ஒவ்வொரு படத்தையும் எனக்குக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். அவளுக்கு இப்போது ஒரு வரியில் பதில் சொல்ல முடியும். இரண்டு கம்பெனியும் நல்ல கேமராதான் செய்கின்றன. வாங்கும் முன் பிடிக்கப்போகிறவரைத் தனியாக உட்கார வைத்துக் கேள். மேஜையில் வைத்துக் கேட்காதே.

ஸ்டீபன் அண்ணன் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மதியம் டப்பாவோடு வழக்கமான பெஞ்சில் காத்திருந்தேன். அவர் கிரைண்டிங்காரர்களோடு உள்ளேயே சாப்பிட்டுவிட்டார். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நானே அவர் இயந்திரத்துக்குப் போனேன். சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினார்.

"அண்ணே," என்றேன்.

"எல்லார் முன்னாடியும் சொன்னே பாரு, படிக்க வராதுன்னு. அது சின்ன விஷயம் இல்ல. எனக்கு நௌக்ரி திரும்பக் கெடைச்சது உன்னாலதான். நான் மறக்க மாட்டேன்." துணியால் கையைத் துடைத்தார். "ஆனா ஞாயித்துக்கிழமை நான் உன் வாசல்ல நின்னேன், வேலு. உனக்கு அப்பவே தெரியும். அங்கேர்ந்து வீட்டுக்குப் போய் அவகிட்ட நான் என்னா சொன்னேன் தெரியுமா? கை தப்பிதான் போச்சுன்னு சொன்னேன். நீ பொய் சொல்ல மாட்டேன்னு நம்பி, நானே ஒத்துக்கினேன். அவ அழுதா."

அவர் சக்கரத்தை ஓட விட்டார். பால் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தது.

எங்கள் கம்பெனி பஸ் விஷ்ராந்த்வாடியில் புறப்பட்டு, கட்கி வழியாகப் போசரி போகும். நான் ஏறும்போது பஸ் காலியாகத்தான் இருக்கும். கட்கி நிறுத்தம் வருவதற்கு முன் பக்கத்து சீட்டில் இருக்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அண்ணன் ஏறுவார். பார்த்தால் "குட் மார்னிங்" என்பார். நானும் சொல்வேன். பின் சீட்டுக்குப் போய் உட்காருவார். மூன்று வருடம் அப்படிப் போய் வந்தோம். கடைசி நாள் காலையிலும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் அன்று லீவு.